படையல் இலையில் நான் வாய் வைத்தது ஏன்

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சிலர் கேட்பீர்கள், மிலிட்டரி உடுப்பில் ஒரு படம் கூடவா கிடைக்கவில்லை என்று. கிடைத்தது. அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் கட்டம் போட்ட சட்டையோடு இருக்கிறார்.

போன வருடம் காரியத்துக்கு வந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். இலை போட்டு, அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் வைத்து, கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில், நான் குனிந்து அந்த இலையிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சித்தி என் கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னாடி பண்ற? படைக்கிறதுக்கு முன்னாடி யாராவது வாய் வைப்பாங்களா?"

பெரியவர்கள் முகம் சுளித்தீர்கள். டீச்சர் வேலைக்குப் போகிற திமிர் என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். கொஞ்சம் நீளமான பதில்தான். அப்பாவின் கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. இதில் பதிமூன்று வருடமாக உங்களிடம் நாங்கள் மறைத்த ஒன்றும் வருகிறது. அம்மாவிடமும் சித்தியிடமும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போட்டுக்கோ" என்றார்.

அப்பா பிறந்தது பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம், பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு சிறிய ஊர். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. தோல் கம்பெனித் தண்ணீர் இறங்கி இறங்கிக் கிணறு உப்பாகிவிட்டது. நெல் போட்ட இடத்தில் புல் கூட ஒழுங்காக முளைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஆனால் பையன்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, தண்ணீரைக் கெடுத்த அதே தோல் கம்பெனியில் வேலைக்குப் போவது. இன்னொன்று, வேலூரில் ஆள் எடுக்கும்போது போய் ஓடிக் காட்டுவது. அப்பா ஓடினார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பனி மலையில் நின்றார், பாலைவனத்தில் நின்றார். லீவில் வரும்போது எங்களுக்குப் பாதாமும் அம்மாவுக்குச் சால்வையும் கொண்டுவருவார். வேலூர் வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? மடித்துப் பெட்டியில் வைப்பார். அந்தப் பெட்டியில் ஐந்து சால்வைகள் இன்னும் இருக்கின்றன.

எண்பதுகளின் கடைசியில் இலங்கைக்குப் போன படையில் அப்பாவும் இருந்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடுகளின் வாசலில் போய்ப் பேசுகிற வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து, சீக்கிரமே பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனியில் நைட் டியூட்டி செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். நாங்களும் ஊரைவிட்டு ஆம்பூருக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். அங்கேதான் எங்கள் பயம் தொடங்கியது.

அப்பா பகலில் தூங்குவார். நானும் தம்பியும் நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வருவோம். வீட்டுக்குள் போவதற்கு முன் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு அடியில் பார்ப்போம். அவருடைய ஷூ இரண்டும் ஜோடியாக, லேஸை உள்ளே செருகி இருந்தால் அன்றைக்குப் பரவாயில்லை. ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயும் கிடந்தால் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அப்படிப்பட்ட நாளில் தெருக்குழாயடியில் உட்கார்ந்தே வீட்டுப்பாடம் எழுதுவோம். பரவாயில்லாத நாளிலும் சட்டென்று உள்ளே போய்விட முடியாது. வாசற்படியில் நின்று, "அப்பா, நான் பாப்பா வந்திருக்கேன்" என்று சொல்லி, உள்ளேயிருந்து "ம்" என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். பின்பக்கமாக வரக் கூடாது. தட்டைக் கீழே போடக் கூடாது. அம்மா குக்கரைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு, விசில் இல்லாமல் பானையில் வடித்தார். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடி வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டோம்.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டுமென்ற அவசரத்தில், தூங்குகிறவரின் காலைத் தொட்டு எழுப்பிவிட்டான். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது தம்பி தரையில் கிடந்தான். அப்பாவின் முழங்கால் அவன் மார்பில் இருந்தது, கை கழுத்தில் இருந்தது. அப்பாவின் கண் திறந்திருந்தது. ஆனால் அது தம்பியைப் பார்க்கவில்லை. நான் வாசலுக்கு ஓடிப்போய் நின்று, எப்போதும் சொல்வதைப் போல, "அப்பா, நான் பாப்பா வந்திருக்கேன்" என்றேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கை தளர்ந்தது. அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. தம்பியின் கழுத்தில் நான்கு விரல் தடம் பதிந்திருந்தது. அன்றிலிருந்து அப்பா இன்னும் அதிகமாகக் குடித்தார்.

மிலிட்டரி கேன்டீன் கார்டில் மாதாமாதம் ரம் வரும். அப்பாவின் கார்டில் வந்த பாட்டில்களைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கேட்டு வாங்கிப் போனவர்கள் இந்த மலரை வைத்திருப்பவர்களிலும் உண்டு. நான் பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அவர் குடிக்கிறார் என்று ஊரெல்லாம் பேசியவர்களும் நீங்கள்தான். கார்டு பாட்டில் தீர்ந்தால் கடைப் பாட்டில். இரண்டும் தீர்ந்தால் எங்கள் பாடு.

இனி வருவதுதான் மறைத்தது.

சித்தி அப்போது ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தார். அம்மாவின் முகத்தில் காயத்தைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடித்த காகிதத்தில் வெள்ளைப் பொடி கொண்டுவந்தார்.

"எங்க லைன்ல ஒரு அக்கா வீட்டுக்காரரு இதுலதான் நிறுத்துனாரு. காபில கலந்துட்டா தெரியவே தெரியாது. அவுருக்கே குடி மேல வெறுப்பு வந்துடும்."

"எனக்குக் கை நடுங்குது. அவுரு கையத்தான் மொதல்ல பார்ப்பாரு," என்றார் அம்மா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதினான்கு வயது. என் கையிலிருந்து மட்டும்தான் அப்பா டம்ளரைப் பார்க்காமலே வாங்கிக் குடிப்பார். அதனால்தான் நான். பத்து நாளைக்கு மேல் தினமும் நான்கரை மணிக் காபியில் நான் அந்தப் பொடியைக் கலந்தேன். கையில் காசில்லாத மாதக் கடைசி, அந்த நாட்களில் அவர் குடிக்கவில்லை; பொடிதான் வேலை செய்கிறது என்று நம்பினோம். சர்க்கரையை ஒரு ஸ்பூன் கூடப் போட்டேன். "இன்னிக்கு காபி நல்லா இருக்குது பாப்பா" என்று ஒருநாள் சொன்னார். காலி டம்ளரை வாங்கிப்போய் மூன்று முறை கழுவினேன்.

கம்பெனி கேட்டில் அப்பாவோடு வேலை செய்தவர் டைம் கீப்பர் ரஹீம் பாய். அப்பா டியூட்டிக்குப் போகும் வழியில் குடித்துவிட்டு வந்ததாகவும், கேட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, பெஞ்சிலிருந்து சரிந்ததாகவும் பிறகு அவர் சொன்னார். தோல் ஏற்றுகிற டெம்போவில் அப்பாவைப் படுக்க வைத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு, வேலூருக்குக் கொண்டுபோனார். மூட்டை வாடை அடித்த அந்த டெம்போவில் நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணிக்கொண்டே போனேன். அது நின்றுவிட்டால் கொன்றது நான்தான். அந்த வண்டியில் அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடிச்சது தவிர வேற இன்னா குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க, அப்பதான் காப்பாத்த முடியும்" என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். குடியை விட நினைப்பவர் தெரிந்தே சாப்பிட வேண்டிய மாத்திரையின் பொடியாம் அது. தெரியாமல் கொடுத்தால், குடித்த உடனே உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. நடுவில் பச்சைத் துணித் தடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று துணியை விலக்கியபோதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்கெல்லாம் மாரடைப்பு என்று சொன்னோம். ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டு, குடியை நிறுத்தச் சொல்லி அவருக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்பா ஒருவரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. தோல் உரிக்காத வாழைப்பழம், ஓடு உடைக்காத அவித்த முட்டை, அவரே வெட்டிய இளநீர், ஒட்டுப் பிரிக்காத ரொட்டிப் பாக்கெட். தண்ணீரைத் தெருக்குழாயில் தானே பிடித்து, பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பியில் அடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். முட்டையை உரிப்பதற்கு முன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஓட்டில் ஊசித் துளை இருக்கிறதா என்று. இத்தனை வருடம் நாங்கள்தான் அவருக்குப் பயந்து கிடந்தோம். இப்போது அவர் எங்களுக்குப் பயந்தார். அதுதான் எனக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. ஆறடி உயரத்தில் ஒரு மனிதர் பதினான்கு வயதுப் பெண்ணைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்று வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டார். குடியும் நிற்கவில்லை. பாட்டிலுக்கு மூடி இருக்கிறதே, அதை நம்பினார். ரஹீம் பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"தோஸ்த், உன் பொண்ணு பண்ணது தப்புதான். எதுக்குப் பண்ணா? நீ செத்துடுவியோன்னு பயந்துகினு பண்ணா. நீ இன்னாடான்னா, அவ உன்ன சாகடிச்சுடுவாளோன்னு பயந்துகினு இருக்கற. எத்தினி நாளைக்கு இந்த பேஜாரு? ஆஸ்பத்திரில இதுக்குன்னு தனி வார்டு இருக்குது. நான் லீவ் எழுதிக்கறேன். கெளம்பு."

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "பாப்பாவும் வரணும். என் கண்ணு முன்னாடியே இருக்கணும்." அது பாசமா சந்தேகமா என்று எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வார்டில் நோயாளியோடு வீட்டு ஆட்களும் தங்க வேண்டும். ஒரு சின்ன அறை, வெளியே பொதுச் சமையல்கூடம். நானும் அம்மாவும் தங்கினோம். குடியை நிறுத்திய முதல் நாட்களில் அப்பாவுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சுவரில் ஆட்கள் நடப்பதாகச் சொன்னார். அந்த வார்டு டாக்டரம்மா பிரித்துக் காட்டிய மாத்திரையை மட்டும் விழுங்கினார். சாப்பாடு மட்டும் அதே வாழைப்பழமும் முட்டையும்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் அம்மா மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். நான் ரசம் சாதம் பிசைந்து அப்பாவின் முன் வைத்தேன். தட்டைத் தள்ளினார். எனக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. தட்டை எடுத்து, அதிலிருந்தே ஒரு வாய் சாப்பிட்டேன். விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். பிறகு தட்டை அவரிடம் நீட்டினேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலப்பா."

"பொய் சொல்லாத. யாரு சொன்னா?"

அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதவு எனக்குப் பின்னால் இருந்தது, ஓடியிருக்கலாம். தட்டு கையில் இருந்ததால் ஓடவில்லை. அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். "டாக்டரம்மாவக் கூப்புடு" என்றார்.

டாக்டரம்மா வந்து தரையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அப்பா பேசினார். என்னை வெளியே அனுப்பட்டுமா என்று டாக்டரம்மா அவரைக் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

இலங்கையில் இருந்தபோது, எந்த வீட்டிலும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது உத்தரவு. ஒரு மத்தியானம், ஒரு வீட்டு வாசலில் உள்ளே யார் என்று விசாரித்துக்கொண்டு நின்றபோது, வெயிலில் அவர் வாய் உலர்ந்து பேச்சே வரவில்லையாம். அந்த வீட்டு அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாராம். அப்பா வாங்கவில்லை. அந்த அம்மா செம்பிலிருந்து தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, மறுபடி நீட்டினாராம். அப்பா உத்தரவை மீறிக் குடித்தார். மூன்றாம் நாள் அதே தெரு வழியாகத் திரும்பியபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. யார் சுட்டது, எங்கிருந்து வந்து விழுந்தது, அவருக்குத் தெரியாது. செம்பு மட்டும் வாசற்படியில் கிடந்ததாம்.

"என்ன நம்ப வெக்கறதுக்கு அந்தம்மா குடிச்சுக் காட்டுனாங்க. நான் அவங்களுக்கு இன்னா பண்ணேன்? குடிச்சுட்டுப் போய்ட்டேன்."

இதைச் சொல்லும்போது அப்பா அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னிடமிருந்து தட்டை வாங்கினார். ஆறிப்போன ரசம் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். டாக்டரம்மா எழுந்து போகும்போது என்னிடமும், மண்ணெண்ணெய்க் கேனோடு வந்து நின்ற அம்மாவிடமும் சொன்னார், "இனிமே இவருக்குத் தெரியாம ஒரு உப்புக்கல்லு கூடப் போடாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. அப்பாவின் தட்டில் நான் முதலில் ஒரு வாய், பிறகு அவர். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று என்னைப் பேசியிருக்கிறீர்கள். பேசிவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டோம். வார்டிலிருந்து கிளம்புகிற அன்று அப்பாவே அந்தப் பழைய மாத்திரையை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கினார். "தெனம் காலையில பாப்பா கையாலயே குடுக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு குடுக்கட்டும்" என்றார். அதே வெள்ளை மாத்திரைதான். முதல் நாள் நான் மாத்திரையோடு தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டே வாங்கி விழுங்கினார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டதாக நான் எழுதினால் பொய். மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு முறை குடிக்குத் திரும்பினார். இரண்டு முறையும் தானே வார்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தீபாவளிதான் கஷ்டம். முதல் வெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய்விடுவார். அதற்கும் ரஹீம் பாய்தான் வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் பதப்படுத்தி முடித்த தோலைக் கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் குடோன் ஒன்று உண்டு. அத்தனை அடுக்குத் தோலைத் தாண்டி ஒரு சத்தமும் உள்ளே வராது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பாவும் ரஹீம் பாயும் அங்கே போய்ப் பாய் விரித்து, பகல் முழுக்கத் தாயம் ஆடுவார்கள். பிறகு பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று அக்கம்பக்கத்து மிலிட்டரிக்காரர்கள் சிலரும் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் நான்கு பேரை அப்பாவே வார்டுக்குக் கூட்டிப் போனார். ஒருவரைக் கூட்டிப் போவதற்குள் காலம் கடந்துவிட்டது. அவர் வீட்டு வாசலில் அன்றைக்கு முழுக்க அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

கேன்டீன் பாட்டில் கேட்டு வந்தவர்களுக்குப் பிறகு அப்பா சோப்பும் பிஸ்கட்டும்தான் வாங்கிக் கொடுத்தார். மிலிட்டரிக்காரர் கஞ்சனாகிவிட்டார் என்று பேசிக்கொண்டீர்கள். அந்தக் கஞ்சத்தனத்தில்தான் நாங்கள் படித்தோம்.

பழைய குடி ஈரலை விடவில்லை. கடைசி மாதம் வயிறு வீங்கி, உடம்பு மஞ்சளாகி, எலும்பாகிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் ஸ்பூனில். நான் ஒரு ஸ்பூன் குடிப்பேன், பிறகு அவருக்கு ஒரு ஸ்பூன். கடைசி நாள் காலையில் வழக்கம்போல ஸ்பூனை என் வாய்க்குக் கொண்டுபோனேன். அப்பா கையைத் தூக்கித் தடுத்தார்.

"வேணாம் பாப்பா. அப்படியே குடு."

கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

பன்னிரண்டு வருடத்தில் நான் வாய் வைக்காமல் கொடுத்த தண்ணீர் அது ஒன்றுதான். அதைக் குடித்துவிட்டுத்தான் போனார். ஈரல்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னார். ஆனால் டெம்போவில் நாடியை எண்ணிக்கொண்டு போன அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. பதினாறு நாளும் அவள் தூங்கவில்லை. இலையைப் பார்த்ததும் அவள்தான் குனிந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இதுதான் என் பதில்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து கேட்ட டாக்டரம்மாவுக்கு. கடைசி மாதத்தில் தினமும் வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்ட ரஹீம் பாய்க்கு. "எனக்கெல்லாம் எழுதாத" என்றார், எழுதிவிட்டேன். கழுத்தில் விரல் தடம் பதிந்த நாளை மறக்காமலும் அப்பாவை வெறுக்காமலும் வளர்ந்து, பாடையின் முன்கொம்பைத் தூக்கிய தம்பிக்கு. சால்வைகளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு. பொடி கொண்டுவந்ததற்காக இத்தனை வருடம் தனக்குள்ளேயே அழுத சித்திக்கும்தான். சித்தி, உங்கள் பயமும் என் பயமும் ஒன்றுதான். பெயர் தெரியாத, ஊர் தெரியாத அந்தச் செம்புத் தண்ணீர் அம்மாவுக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன். எங்கள் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

இந்த முறையும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும்தான். முட்டையை நானே உரித்து வைக்கிறேன். எல்லோரும் வந்து இலையைச் சுற்றி நில்லுங்கள். சித்தி, நீங்கள் என் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. அப்பா கேட்டபடி இந்த வருடம் அப்படியே கொடுக்கிறேன்.